அத்தையோடு ஓவியம் பார்த்தது

முதன்முதலாக ஒரு பெரிய ஓவிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது எனக்கு 26 வயது. வாசலில் கொடுத்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் அறைகூட விட்டுப்போகக் கூடாது என்ற வைராக்கியத்தோடு நடந்தேன். ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் ஒரே வேலைதான். முதலில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிப்பேன். கேள்விப்பட்ட பெயரா என்று பார்ப்பேன். அப்புறம் தலை நிமிர்ந்து ஓவியத்தின் மேல் ஒரு பார்வை. உடனே அடுத்தது. இப்படி மூன்று மணி நேரம். வெளியே வந்தபோது குதிகால் வலித்தது, தலை பாரமாக இருந்தது. இரவு படுத்துக்கொண்டு அன்று பார்த்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் குதிரையும் யாரோ ஒரு பெண்ணின் நீலச் சால்வையும்தான் மிஞ்சியிருந்தன.

மனிதரும் மலையும் கடலும் இருந்த அறைகளிலாவது கைக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்த தளத்துக்கு ஏறியதும் அதுவும் நழுவிவிட்டது. கறுப்புக் கட்டம், சிவப்புப் பட்டை, வெறும் கோடுகள், நடுவில் கத்தியால் கீறிய கேன்வாஸ். எனக்குக் கோபம் வந்தது. இவற்றுக்குள் ஒரு விடை ஒளிந்திருக்கிறது, சுற்றி நிற்கிறவர்களுக்கெல்லாம் அது தெரியும், எனக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை என்கிற மாதிரியான கோபம். அந்தக் கோபம் ரொம்ப வருடம் கூடவே இருந்தது. நவீன ஓவியம் என்று பேச்சு வந்தாலே வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன்.

கால் வலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் பலவீனம் என்றுதான் அப்போது நினைத்தேன். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே 'அருங்காட்சியகக் களைப்பு'. கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கும் பொருள்களைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து, மடங்கி, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒருவரை நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்து அதில் காட்டியிருந்தார். நூறு வருடம் முன்பே ஒருவர் இதை அக்கறையோடு யோசித்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வேகத்தைப் பற்றியும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து, 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே தொங்குவதும் உலகம் போற்றும் ஓவியங்கள்தான். ஆக நான் மட்டும் அவசரக்காரி இல்லை. நாம் எல்லோருமே அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

இந்தப் பழக்கத்தை எனக்கு மாற்றியவர் என் அத்தை. ஓவியத்தைப் பற்றி ஒரு புத்தகம்கூடப் படிக்காதவர். 40 வருடம் தையல் தைத்தவர். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக்கிக் காட்டிவிடலாம், தைத்தவர் யாரென்று உள்பக்கம்தான் சொல்லும் என்பார்.

2015 கோடையில் நாங்கள் இருவரும் லண்டனில் சில நாள் தங்கும்படி ஆனது. அங்கே டேட் மாடர்ன் என்கிற நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அப்போது ஆக்னஸ் மார்ட்டின் என்ற ஓவியரின் பெரிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நான் அதற்காகப் போகவில்லை. ஆற்றங்கரையில் நடந்து வந்து, உட்கார இடம் தேடி உள்ளே போனோம். அப்படியே அந்த அறைகளுக்குள்ளும் போய்விட்டோம்.

மார்ட்டினின் ஓவியங்களை அறைக்கு நடுவில் நின்று பார்த்தால், சுவரில் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஆறடிக்கு ஆறடி சதுரமான கேன்வாஸ்கள். வெள்ளை, சாம்பல், சில இடங்களில் வெளுத்த ரோஜா நிறமும் நீலமும். எனக்குள் பழைய கோபம் தலைதூக்கியது. "அத்தை, உங்களுக்குப் போரடிச்சா சொல்லுங்க, கீழ போயிடலாம்" என்றேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் ஓவியத்துக்கு வெகு அருகில் போய் நின்றார். தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிவிடுவாரோ என்று நான் பதறினேன். அவர் கோட்டின் விளிம்பில் சரியாக நின்றுகொண்டு தலையை மட்டும் முன்னால் நீட்டினார்.

"இது பென்சிலு" என்றார்.

நானும் போய்ப் பார்த்தேன். ஆமாம். அந்தச் சாம்பல் நிறம் முழுவதும் பென்சில் கோடுகள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், நூற்றுக்கணக்கில், ஆறடிக்கும். தூரத்தில் மங்கல் என்று நான் நினைத்தது ஒரு கட்டம் போட்ட வலை.

"ஸ்கேல் வச்சுத்தான் போட்டிருக்காங்க. ஆனா ஒரே இழுப்புல போடல. இதோ பாரு, இங்க நிறுத்தி, ஸ்கேலை நகர்த்தி, மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க" என்றார் அத்தை. பிறகு சற்று நேரம் கழித்து, "துணி மேடா இருக்கற எடத்துல பென்சில் அழுத்தமா விழுந்திருக்கு. பள்ளத்துல தாண்டிப் போயிருக்கு. அதை அழிச்சிட்டுத் திருப்பிப் போடல. அப்படியே விட்டுட்டாங்க" என்றார். விட்டுட்டாங்க என்று சொல்லும்போது அவர் குரலில் மரியாதை இருந்தது.

அந்த ஓர் ஓவியத்தின் முன்னால் நாங்கள் கால் மணி நேரமாவது நின்றிருப்போம். அத்தை பின்னால் நடந்து வந்தார், மறுபடி முன்னால் போனார், மறுபடி பின்னால் வந்தார். "கிட்ட இருந்தா கோடு. நாலடி தள்ளி வந்தா கோடு காணாமப் போயி பனி மாதிரி ஆயிடுது. இன்னும் பின்னால வந்தா சுவரு மாதிரி கெட்டியா நிக்குது" என்றார். நானும் அவரோடு முன்னும் பின்னும் நடந்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. எந்த இடத்தில் கோடு பனியாக மாறுகிறது என்று பிடிக்கப் பார்த்தால் பிடிபடவில்லை. கண்ணை ஓரிடத்தில் நிறுத்தவே முடியவில்லை. ஆனால் கண் சலிக்கவும் இல்லை. மூச்சு மெதுவாகிவிட்டதை ரொம்ப நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

பழக்கதோஷத்தில் கேட்டேன்: "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கறீங்க அத்தை?"

"கட்டம் போட்ட துணிக்கு என்ன அர்த்தம்? கண்ணு அங்கயே தங்குதா இல்லையா?"

மார்ட்டினைப் பற்றி அன்று இரவும் அதற்குப் பிறகும் நிறையத் தேடிப் படித்தேன். 1912-இல் கனடாவில் பிறந்தவர். நியூயார்க்கில் பெயர் கிடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1967-இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வண்டி ஏறிப் புறப்பட்டவர். நியூ மெக்ஸிகோவில் ஆளரவமற்ற மேட்டு நிலத்தில் தன் வீட்டைத் தானே மண் செங்கல்லால் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். சில வருடம் வரையவே இல்லை. மனச்சிதைவு நோயோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர். ஓவியம் அவர் மனதுக்குள் தபால்தலை அளவில் முழுசாகத் தோன்றுமாம். அது வரும்வரை காத்திருப்பார். வந்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டு, அந்தச் சின்னப் படத்தை ஆறடிக்குப் பெரிதாக்குவார். சரியாக வராத கேன்வாஸை அறுத்துப் போட்டுவிடுவார். வயதாகி ஆறடிக் கேன்வாஸைத் தூக்கித் திருப்ப முடியாமல் போனபோது ஐந்தடிக்குக் குறைத்துக்கொண்டு, 2004-இல் இறக்கும் வருடம்வரை வேலை செய்தார். ஆறடி ஐந்தடியான கதையை அத்தையிடம் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கனமான திரைச்சீலைகளைத் தைப்பதை அவரும் அதற்குச் சில வருடம் முன்புதான் நிறுத்தியிருந்தார்.

அந்த நாளிலிருந்து நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஓவியம் வாயை மூடிக்கொள்கிறது. பொருள் தெரியாவிட்டால் நான் தோற்றவள், தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது, இரண்டிலும் நகர்ந்துவிடுகிறேன். இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் கண் தானாக வேலை செய்ய ஆரம்பிக்கிறது. எது முதலில் பூசியது, எது மேலே வந்தது, இந்த விளிம்பு ஏன் கூர்மையாக இல்லை, கை எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே தயங்கியிருக்கிறது. இதற்குப் படிப்பு வேண்டாம். அந்த அறையிலேயே எல்லாம் இருக்கிறது.

பழந்தமிழ் இலக்கணத்தில் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாக 'நோக்கு' என்பதைச் சொல்வார்கள். படிக்கிறவரை மறுபடி மறுபடி நோக்க வைக்கும் தன்மை என்று அதற்கு உரை. எனக்கு இதில் பிடித்த விஷயம், நோக்கு என்பதைப் படிப்பவரின் திறமையாகச் சொல்லாமல் செய்யுளின் உறுப்பாகவே சொல்வது. நல்ல ஓவியத்துக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். மார்ட்டினின் கட்டங்களுக்குள் அந்த நோக்கு இருந்தது. 17 விநாடியில் நகர்ந்துவிடாமல் நின்றதால் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

சரி, "இதை ஒரு குழந்தைகூட வரையும்" என்கிற பேச்சு. நானே பலமுறை சொன்னதுதான். இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உருவம் எதுவும் இல்லாமல் நிறமும் கோடுமாக வரையும் பெயர்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும் குழந்தைகளும் விலங்குகளும் தீட்டிய படங்களையும் ஜோடி ஜோடியாக வைத்து, எது உயர்ந்தது என்று கேட்டார்கள். கலை படித்தவர்கள், படிக்காதவர்கள் இரு தரப்பாரும் குருட்டாம்போக்கில் கிடைத்திருக்கக்கூடிய பாதியைவிடக் கூடுதலான தடவை ஓவியர்களின் படங்களையே தேர்ந்தெடுத்தார்கள். சில படங்களில் வேண்டுமென்றே பெயர்களை மாற்றி ஒட்டியிருந்தும் அப்படித்தான். நமக்குத் தெரிவதாக நாம் நினைப்பதைவிட அதிகமாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எல்லாத் தடவையும் இல்லை, ஏமாந்தவர்களும் நிறைய. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சை அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்ட ஓவியம் காஸிமிர் மலேவிச்சின் கறுப்புச் சதுரமாகத்தான் இருக்கும். 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சதுரக் கேன்வாஸ், நடுவில் கறுப்பு, சுற்றி வெள்ளை. 1915 டிசம்பரில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடந்த கண்காட்சியில் அவர் இதை மாட்டிய இடம் முக்கியமானது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரைக்கு அருகில். ரஷ்ய வீடுகளில் புனிதத் திருவுருவங்களை வைக்கும் இடம் அது. அங்கே வந்து நின்றவர்களுக்கு அடிவயிற்றில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், அந்தக் கறுப்பு எனக்கு வேறுவிதமாகக் கனக்கிறது. மூல ஓவியம் மாஸ்கோவின் திரெத்யாகோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு இன்று முழுக்க வெடித்திருக்கிறது. வெடிப்புகளின் வழியே கீழே வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015-இல் ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்-ரே) எடுத்துப் பார்த்தபோது அடியில் இரண்டு வேறு ஓவியங்கள் புதைந்திருப்பது தெரிந்தது. சதுரத்தின் பக்கங்களும் சட்டகத்துக்குச் சரியான இணையாக ஓடவில்லை. ஸ்கேல் வைத்து அடைத்த கட்டம் என்று நான் அலட்சியமாக ஒதுக்கியது, கையால் ஒருவர் தேடித் தேடிப் போய் நின்ற இடம். நேரில் பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத கலை எல்லாமே ஒரே மாதிரி பழக்கமில்லாதது கிடையாது. சிலவற்றுக்கு நேரம் கொடுத்தால் போதும். சிலவற்றின் முன்னால் நாள் முழுக்க நின்றாலும், யாராவது சொல்லித்தராமல் ஒரு கதவு திறக்காது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பாதிப் பேர் சலித்துப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே பயணத்தில் இரண்டு நாள் கழித்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கப் பகுதிக்குப் போனோம். அங்கே கொங்கோ மக்கள் மரத்தில் செதுக்கிய ஒரு நாய் உருவம் இருக்கிறது. உடலின் இரண்டு முனையிலும் தலை. முதுகு முழுக்க இரும்பு ஆணிகளும் தகடுகளும் அடித்திருக்கும். எனக்குப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒரு பிராணியை இப்படி வதைப்பதைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, எவ்வளவு வெறுப்பு என்றுதான் நினைத்தேன். நகர்ந்துவிடலாம் என்று அத்தையின் கையைத் தொட்டேன்.

அத்தை வழக்கம்போல நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே மாதிரி ஆணி இல்லம்மா. இது தட்டை, இது உருண்டை, இது ஏதோ கத்தி முனை மாதிரி இருக்கு. ஒருத்தரே உக்காந்து ஒரே நாள்ல அடிச்ச வேலை இல்ல இது. பல பேரு பல நாள் வந்து அடிச்சிருக்காங்க" என்றார். "எதுக்கு அடிச்சாங்கன்னுதான் தெரியல."

அவர் கண்ணுக்கு எட்டிய அளவு சரியாகவே எட்டியிருந்தது. எதற்கு என்பதற்கு விடை உருவத்துக்குள் இல்லை, அதைச் செய்தவர்களின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. இவற்றுக்கு ந்கிசி என்று பெயர். சடங்கு வல்லுநர் ஒருவர் மூலிகை, மண் முதலானவற்றை உருவத்துக்குள் வைத்து அதற்குச் சக்தி ஏற்றுவார். இரண்டு தரப்பு சண்டை தீர்ந்து ஒப்பந்தம் செய்தால், ஒருவர் சத்தியம் செய்தால், திருட்டு போனால், நோய் வந்தால், இந்த உருவத்தின் முன்னால் வந்து ஓர் ஆணியோ தகடோ அடிப்பார்கள். உள்ளே இருக்கும் சக்தியை எழுப்புவதற்கும், கொடுத்த வாக்குக்கு அதைச் சாட்சியாக்குவதற்கும் அந்த அடி. வாக்கு தவறினால் அது தேடி வரும். நாய்க்கு இரண்டு தலை ஏனென்றால், வேட்டை நாய் ஊருக்கும் காட்டுக்கும் இடையே போய்வருவது, அதனால் உயிரோடிருப்பவர்களின் உலகத்தையும் இறந்தவர்களின் உலகத்தையும் அதனால் பார்க்க முடியும்.

இதைப் படித்த பிறகு திரும்பிப் பார்த்தால் அதே ஆணிகள் வேறாக இருந்தன. வதை என்று நான் பார்த்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கொடுத்த வாக்கு, யாரோ ஒருவர் கேட்ட நீதி. ஒரு சமூகத்தின் வழக்குப் பதிவேடு மாதிரி அந்த முதுகு நின்றது. முதல் பார்வையை நம்பி நகர்ந்திருந்தால், அந்த மக்களைப் பற்றி ஒரு பொய்யை மனதில் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. அடித்து, பேசி, முன்னால் நின்று சத்தியம் செய்வதற்காகச் செய்த பொருள் இப்போது கண்ணாடிக்குள் அமைதியாக இருக்கிறது. இப்படிப்பட்ட உருவங்கள் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் காலனி ஆட்சிக் காலத்தில், அதிகாரிகளும் பாதிரிமார்களும் எடுத்துக்கொண்டு வந்ததால். பல உருவங்களில் அந்த மூலிகையும் மண்ணும் வைத்திருந்த குழி இன்று காலியாக இருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைப் பார்க்கிறோம் என்றால், அது எங்கிருந்து, யார் கையிலிருந்து வந்தது என்று அட்டையின் கடைசி வரியையும் படித்துவிட வேண்டும். நான் இப்போது முதலில் தேடுவதே அந்த வரியைத்தான்.

எல்லாமே எனக்குத் திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்துகொண்டே, குச்சியிலிருந்து வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டை ஒழுகவிட்டு வரைந்தார் என்று தெரியும். தோளும் இடுப்பும் போன வேகம் அந்தக் கோடுகளில் பதிந்திருப்பதும் தெரிகிறது. ஒரு தடவை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கண் ஓடிக்கொண்டே இருந்ததே தவிர எங்கும் தங்கவில்லை. மரியாதை வந்தது, பிரியம் வரவில்லை. நேரம் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு இது வரவில்லை என்று சொல்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பத்து வருடம் கழித்து மறுபடி போய் நிற்பேன். அதற்குள் நான் மாறியிருக்கலாம்.

இப்போது அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு மணி நேரம்தான், அதிகம் போனால் ஒன்றரை. ஓர் அறைக்குள் நுழைந்து எந்த அட்டையையும் படிக்காமல் ஒரு சுற்று நடப்பேன். எங்கே கால் தானாக நிற்கிறதோ, அல்லது எது எரிச்சலூட்டுகிறதோ, அங்கே திரும்பி வருவேன். எரிச்சலூட்டுவதை இப்போதெல்லாம் விடுவதில்லை. பெரும்பாலும் அதில்தான் ஏதோ இருக்கிறது. பெஞ்ச் இருந்தால் உட்காருவேன். சின்ன நோட்டில் பென்சிலால் கோணலாகவாவது வரைந்து பார்ப்பேன். வரைய ஆரம்பித்த நிமிடமே, ஓவியத்தின் இடது மூலையை நான் பார்க்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். பேனா பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள், பென்சிலுக்குத் தடை சொல்வது அபூர்வம். அட்டை கடைசியில். இன்னொரு சின்ன விஷயம், வெளிச்சம். காகிதத்தில் வரைந்தவை இருக்கும் அறைகள் இருட்டாக இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. அவை வெளுத்துப்போகாமலிருக்க வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான வெளிச்சம்தான் விடுவார்கள். உள்ளே போய் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும், அதற்குப் பிறகுதான் நிறங்கள் வெளியே வரும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் வெளியேறிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று இருக்கும்.

அந்த லண்டன் பயணத்தின் கடைசி நாள் அத்தைதான் கேட்டார், அந்தக் கோடு போட்ட அம்மா இருக்கற எடத்துக்கு இன்னொரு தடவை போலாமா என்று. போனோம். மார்ட்டினிடம் போய்விட்டு, அதே டேட் மாடர்னில் மார்க் ராத்கோ என்ற ஓவியரின் அறைக்கும் போனோம். மங்கலான வெளிச்சம், நடுவில் பெஞ்ச், சுற்றிலும் ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய பெரிய கேன்வாஸ்கள். கருஞ்சிவப்பின் மேல் கறுப்பு, கருஞ்சிவப்பின் மேல் சிவப்பு. 1958-இல் நியூயார்க்கில் ஓர் ஆடம்பர உணவகத்தின் சுவர்களுக்காக அவரிடம் கேட்டிருந்த ஓவியங்கள். வரைந்து முடித்த பிறகு, இவை இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பதை டேட்டுக்குக் கொடுத்தார். அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25-ஆம் தேதிதான், நியூயார்க்கில் தன் பணியறையில் அவர் இறந்துகிடந்ததைக் கண்டார்கள்.

இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவான குரலில் அத்தைக்குச் சொன்னேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். 2012 அக்டோபரில் ஒருவர் இந்த ஓவியங்களில் ஒன்றின் வலது கீழ் மூலையில் கறுப்பு மையால் எழுதிவிட்டார். மை ஒவ்வொரு அடுக்காக இறங்கிக் கேன்வாஸின் பின்பக்கம் வரை ஊறிவிட்டது. ராத்கோ வண்ணத்தில் முட்டையும் பிசினும் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசுபவர், அதனால் மையைக் கரைப்பது ஓவியத்தையும் கரைத்துவிடும் ஆபத்து இருந்தது. பழுதுபார்க்க 18 மாதம் ஆனது. அதில் பாதிக் காலம், எந்தக் கரைப்பான் சரி என்று தேடுவதிலேயே போனது. ராத்கோ அந்தக் காலத்தில் அதே கருஞ்சிவப்பில் அடிப்பூச்சு பூசி வைத்திருந்த ஒரு கேன்வாஸை அவர் குடும்பத்தார் சோதனை செய்து பார்ப்பதற்காகக் கொடுத்தார்கள்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்களும் அப்படித்தான் செய்வோம். நல்ல துணி கிழிஞ்சு வந்தா, அதே துணியோட உள்மடிப்புலேர்ந்து நூலை உருவித்தான் டார்னிங் போடணும். வேற நூலு போட்டா எவ்வளவு நிறம் சேர்ந்தாலும் காட்டிக்கொடுத்துரும்" என்றார். பிறகு, "எது அது?" என்று கேட்டார்.

காட்டினேன். எழுந்து போய் அந்த ஓவியத்தின் வலது கீழ் மூலையில் குனிந்தார். இடது பக்கம் நகர்ந்து பார்த்தார். வலது பக்கம் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். காவலுக்கு நின்றிருந்த பெண்மணி இரண்டடி நெருங்கி வந்தவர், அத்தையின் கைகள் பின்னால் கட்டியிருப்பதைக் கவனித்துவிட்டு அங்கேயே நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து அத்தை திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்டுபிடிக்க முடியல" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "யாரோ தெரியல, நல்லாப் பண்ணியிருக்காங்க."

கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முதுகைச் சாய்க்க இடமில்லாத அந்த பெஞ்சில் கொஞ்சம் வசதியாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"சரி, இப்ப படத்தைப் பார்க்கலாம்."